மித்திரனை வைத்துக்கொண்டவர்

நாம் குடியிருக்கும் பெங்களூர்க் காக்ஸ் டவுனில், சந்தைக்கு அருகே, விடியற்காலையில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் ஓரிடம் உண்டு. ஆங்கிலம், கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது எனப் பல மொழித் தாள்களும் அங்கே ஒரே சாக்கின்மீது கிடக்கும். 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் வரையில் ஆங்கிலேயரின் நேர் நிர்வாகத்தில் இருந்த கண்டோன்மென்டைச் சேர்ந்த பகுதி இது. சென்னைப் பட்டாளத்தோடும், அதன் பின்னாலும் வந்து குடியேறிய தமிழர் மிகுந்த இடம். ஆகவே பல வீடுகளுக்கு இரண்டு பத்திரிகைகள் போவது வழக்கம்: பெரியவருக்குத் தமிழ், பேரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பத்திரிகை போடும் இளைஞர் ஒருவரிடம், தமிழ்த் தாள் எத்தனை வீடுகளுக்குப் போகிறது என்று விசாரித்தோம். "பெரியவங்க காலமானா முதல்ல நிக்கிறது தமிழ்ப் பேப்பர்தாங்க" என்றார் அவர். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை; கணக்குச் சொல்லுவது போலச் சொன்னார்.

அன்று முழுவதும் நம் நினைவில் நின்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவரிடமும் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று தமிழ். ஆங்கிலப் பத்திரிகை அவருக்குப் பேரும் புகழும் தந்தது. தமிழ்ப் பத்திரிகை கடனும் கவலையும் தந்தது. இரண்டில் ஒன்றை விடவேண்டிய நாள் வந்தபோது அவர் ஆங்கிலப் பத்திரிகையை விட்டார். தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நம்மைப் போன்றவர்கள் அவர் கதையைச் சற்று நிதானமாகக் கேட்பதில் பயன் உண்டு என்று தோன்றுகிறது.

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் பத்திரிகை முதலாளி என்பவர் பெரும்பாலும் செல்வர். நியூகாசில் நகரத்தில் ஜோசப் கோவன் என்று ஒருவர் இருந்தார். செங்கல் சூளைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பத்தில் பிறந்து, அவ்வூரின் முதன்மையான பத்திரிகையை விலைக்கு வாங்கி, அதன் பலத்தைக் கொண்டு தீவிரக் கருத்துகளைப் பரப்பி, 1874 முதல் 1886 வரை நாடாளுமன்றத்தில் உறுப்பினராக வீற்றிருந்தவர். நல்லவர்தாம், இத்தாலிய விடுதலை வீரர்களுக்கெல்லாம் நண்பர். ஆனால் முதலில் பணம், பிறகு பத்திரிகை, பிறகு பதவி என்பதே அந்நாட்டு ஒழுங்கு. பத்திரிகைகளின்மீது இருந்த முத்திரை வரியை 1855-ஆம் ஆண்டில் நீக்கியபின், ஒரு பென்னி விலைக்கு நாளிதழ்கள் பெருகி, அத்தொழில் இலாபமும் தரத் தொடங்கிற்று.

அதே 1855-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள், காவிரிக் கரையில் திருவையாற்றில் பிறந்தவர் சுப்பிரமணிய ஐயர். தந்தையார் அவ்வூர் முன்சீப் கோர்ட்டில் வழக்கறிஞர். இளமையிலேயே தந்தையை இழந்தார். தஞ்சாவூரில் படித்து, சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. தேறினார். இவ்வளவே அவருடைய முதல். செங்கல் சூளையும் இல்லை, நிலபுலமும் இல்லை.

1878-ஆம் ஆண்டில் திருவாரூர் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமனம் பெற்றார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. வெள்ளையர் நடத்திய சென்னைப் பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை. இந்தியர் ஒருவருக்கு இவ்வளவு பெரிய பதவி தகுமா என்று எழுதித் தள்ளின. பதில் சொல்ல நம்மவர் கையில் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியில் கூடிப் பேசிக்கொண்டிருந்த இளைஞர் ஆறு பேர், நாமே ஒன்று தொடங்கினால் என்ன என்று எண்ணினர். அவர்களுள் இருவர் ஆசிரியர்கள்: சுப்பிரமணிய ஐயருக்கு வயது 23, அவர் நண்பர் வீரராகவாச்சாரியாருக்கு 21. மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சுக்கூடத்தில் கொடுத்து, 80 பிரதிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20-ஆம் நாள் வெளியிட்டார்கள். விலை நாலணா. அதுவே 'ஹிந்து'.

இந்த ஒன்றே முக்கால் ரூபாய்க் கதையைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைவிட நமக்கு வியப்பளிப்பது அதற்குப் பின் நிகழ்ந்தது. சட்ட மாணவர் நால்வரும் தேர்வில் தேறி வக்கீல்களாகித் தத்தம் தொழிலைப் பார்க்கப் போய்விட்டனர். அதில் தவறும் இல்லை. வாத்தியார்கள் இருவர் மட்டும் பத்திரிகையோடு நின்றுவிட்டனர். ஐயர் ஆசிரியராக எழுதினார். ஆச்சாரியார் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். வாரம் ஒருமுறை வந்த தாள் 1883-இல் வாரம் மும்முறை ஆயிற்று. 1889-இல் நாளிதழ் ஆயிற்று. சந்தாப் பாக்கியை வசூலிப்பதிலேயே ஆச்சாரியாரின் பாதி வாழ்நாள் கழிந்திருக்கும் என்று பத்திரிகைத் தொழில் அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ஏன் தொடங்கினார்கள்? ஆளுபவன் காதில் விழவேண்டும் என்பதே முதற் காரணம். காலமும் அதற்கு ஏற்றாற்போல் இருந்தது. அதே 1878-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வைஸ்ராய் லிட்டன் பிரபு சுதேச மொழிப் பத்திரிகைகளுக்கென்று தனியாக ஓர் அடக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதினால் அச்சட்டம் தீண்டாது. வங்காளியிலோ மராத்தியிலோ அதே செய்தியை எழுதினால் அச்சுக்கூடமே பறிபோகக்கூடும். கல்கத்தாவில் 'அமிர்த பஜார் பத்திரிகை' இதற்குத் தப்ப வங்காளத்தை விட்டு முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் அச்சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. ஆயினும் அதன் உட்பொருள் எல்லோருக்கும் விளங்கிற்று: ஆங்கிலம் படித்த சிலருக்குள் பேசிக்கொண்டால் அரசாங்கத்துக்குக் கவலை இல்லை, ஊர் மக்களுக்கு விளங்கும் மொழியில் பேசினால்தான் கவலை. சட்டம் இயற்றியவர் தாய்மொழியின் ஆற்றலைத் தாய்மொழிக்காரரைவிட நன்றாக மதிப்பிட்டிருந்தார் என்றே சொல்லவேண்டும்.

ரிப்பன் பிரபு வந்தார். 1882-ஆம் ஆண்டில் அச்சட்டம் நீங்கிற்று. அதே ஆண்டில் சுப்பிரமணிய ஐயர் தமிழில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதுவே 'சுதேசமித்திரன்'. தன் நாட்டின் நண்பன் என்பது பொருள். சுதேசி என்ற சொல் வங்காளத்திலிருந்து பெருங்குரலாய் எழுந்து வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகச் சென்னையில் ஒரு பத்திரிகையின் நெற்றியில் அது ஏறியிருந்தது.

அரசியலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1884-இல் சென்னை மகாஜன சபை ஏற்பட்டபோது அதனை அமைத்தவர்களுள் அவர் ஒருவர். அடுத்த ஆண்டு, டிசம்பர் 28-ஆம் நாள், பம்பாயில் ஒரு சம்ஸ்கிருதக் கல்லூரிக் கட்டடத்தில் 72 பேர் கூடினர். இந்திய தேசிய காங்கிரசின் முதற் கூட்டம் அது. முதற் கூட்டத்தின் முதல் தீர்மானத்தைப் பிரேரணை செய்தவர் நம் சுப்பிரமணிய ஐயர். வயது 30. தீர்மானம் என்னவெனில், இந்திய நிர்வாகம் நடைபெறும் முறையை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பது. இன்று கேட்பவர்களுக்கு இது சாதுவான கோரிக்கையாகத் தோன்றலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பெனியின் உரிமைச் சாசனத்தைப் புதுப்பிக்கும்பொழுது, இந்திய ஆட்சியைப் பாராளுமன்றம் துருவி விசாரிக்கும் வழக்கம் இருந்தது. 1813, 1833, 1853 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு நடந்தது. 1858-இல் மகாராணியின் நேராட்சி வந்தபின், கணக்குக் கேட்கும் அந்த ஒரு வாயிலும் அடைபட்டுப் போயிற்று. கம்பெனி வியாபாரிகளிடம் கேட்ட கணக்கை மகாராணியின் மந்திரிகளிடம் ஏன் கேட்கக்கூடாது என்பதே தீர்மானத்தின் கரு. பத்திரிகை ஆசிரியனுக்கு இயல்பான கேள்வி!

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த 72 பேரும் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டனர்; வேறு பொதுமொழி அவர்களுக்கு இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1887-இல், சென்னையில் காங்கிரஸ் கூடியபோது சற்றே வேறு காற்று வீசிற்று. வீரராகவாச்சாரியார் காங்கிரஸ் என்றால் என்ன என்பதைத் தமிழில் வினா-விடையாக எழுதிச் சிறு நூலாக வெளியிட்டார். மாநாட்டு மேடையில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவினைஞர் ஒருவர் எழுந்து தமிழிலேயே பேசினார். வக்கீல்களும் ஜமீன்தாரர்களும் நிறைந்த சபையில் அது ஒரு சிறு நிகழ்ச்சியே. மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நமக்கு மட்டும், அந்த மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னதை மற்றவர்களுக்கு யார் எடுத்துரைத்தார் என்று அறிய ஆசையாக இருக்கிறது.

இனி, 1889-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஐயரின் மகள் சிவப்பிரியை சிறு வயதிலேயே மணமாகி, சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். அக்காலத்து வைதிகக் குடும்பத்தில் அந்தச் சிறுமிக்கு இருந்த வாழ்வு இன்னது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. விதவைகளுக்கு மறுமணம் வேண்டும் என்று ஐயர் நெடுநாளாய் எழுதி வந்தார். எழுதியவர் பலர். தம் வீட்டில் அந்த நிலை வந்தபோது எழுதியதை விழுங்கிக்கொண்டவர்களும் பலர். ஐயர், 1889 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரசுக்குச் சென்றிருந்த சமயத்தில், அந்நகரத்திலேயே மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார்.

அந்த ஆண்டுக் காங்கிரசுக்கு வந்த பிரதிநிதிகளின் தொகையும் 1,889 என்று வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. அத்தனை பேர் கூடிய ஊரில் நடந்த அந்தத் திருமணத்தின் விளைவை ஐயர் சென்னைக்குத் திரும்பியபின் அனுபவித்தார். உறவினர் ஒதுக்கினர். வீட்டுச் சடங்குக்கும் ஆள் வருவது அரிதாயிற்று. அரசியலில் அவருடைய தலையங்கத்தை மனப்பாடம் செய்தவர்களே வீதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்து எழுதுவது அக்காலத்தில் கடினந்தான். சொந்த அக்கிரகாரத்தை எதிர்த்து வாழ்வது அதனினும் கடினம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இதனால் அவருக்கு நேர்ந்த இழப்பு பத்திரிகைத் தொழிலிலும் எதிரொலித்தது. 'ஹிந்து'வின் வாசகர்களுள் பெரும்பாலோர் அரசியலில் புதுமையும் வீட்டில் பழமையும் வேண்டியவர்கள். வீரராகவாச்சாரியார் அவர்களுடைய மனத்தை அறிந்தவர். சமூக சீர்திருத்தத்தில் இத்தனை வேகம் வேண்டாம் என்பது அவர் எண்ணம். இருபது ஆண்டு நட்பில் இருவரும் ஒருவரையொருவர் அவமதித்ததாக நாம் எங்கும் படிக்கவில்லை. ஆயினும் பணமுடையும் கருத்து வேற்றுமையும் ஒரே வீட்டில் நெடுநாள் தங்குமாயின் பங்கு பிரிவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கிடையில், 1897-இல், ஐயர் இலண்டனுக்குச் சென்று வந்தார். இந்தியாவின் செலவினங்களை விசாரிக்க வெல்பி பிரபுவின் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமர்ந்திருந்தது. கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் சென்னையின் சார்பில் சாட்சியம் அளித்தவர் சுப்பிரமணிய ஐயர். முதற் காங்கிரசில் அவர் கேட்ட விசாரணையின் ஒரு துணுக்கு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதில் அவரே சாட்சிக் கூண்டில் நின்றார்.

1898-இல் கூட்டு முறிந்தது. 'ஹிந்து' ஆச்சாரியாருக்கு, 'சுதேசமித்திரன்' ஐயருக்கு. நண்பர்கள் பலரும் ஐயர் தோற்றுவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். நாடறிந்த ஆங்கில நாளிதழை விட்டுவிட்டு, தமிழ்ப் பத்திரிகை ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்த மனிதரை வேறு என்ன சொல்லுவது? ஆனால் அடுத்த ஆண்டே, 1899-இல், அவர் மித்திரனை நாளிதழாக மாற்றினார். தமிழ்நாட்டில் தமிழ் நாளிதழ் என்று நிலைத்தது அதுவே முதலாவது. தமிழர்கள் நாள்தோறும் காசு கொடுத்துத் தமிழில் செய்தி படிப்பார்கள் என்று நம்பியவர் அந்த நாளில் அவர் ஒருவரே போலும்.

அந்த வேலை எத்தகையது என்பதை நாம் சற்று அநுபவத்தோடு சொல்லமுடியும். மத்திய அரசின் அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவது நமது பிழைப்பு. நமக்கு அகராதிகள் உண்டு. கலைச்சொல் பட்டியல்கள் உண்டு. தவறினால் மறுநாள் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. மித்திரன் அலுவலகத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. உலகச் செய்தி தந்தியில் ஆங்கிலத்தில் வரும். நாளிதழான அதே 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. எந்த ஊர் யார் கையில் என்று ஆங்கிலத் தந்தி அரை வரியில் சொல்லிவிடும். தமிழிலோ வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். பெயரும் இடமும் படைத்தலைவனும் வரிசையாக வந்து நின்றபின், முடிவில் ஒரு சொல்லில்தான் வென்றானா தோற்றானா என்பது வெளிப்படும். புராணத்துக்கு இந்த அமைப்பு அழகு. தந்திச் செய்திக்கு இடைஞ்சல். வாக்கியத்தை வெட்டிச் சிறிதாக்க வேண்டும். உரைநடையையே புதிதாக வளைக்க வேண்டும். அதை நாள்தோறும், அச்சுக்கோப்பவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே செய்யவேண்டும்.

சொற்களின் சங்கடம் வேறு. ஓர் எடுத்துக்காட்டு. இந்தியா ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு அனுப்பிய தொகைக்கு ஆங்கிலத்தில் 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். இந்திய மந்திரி அலுவலகச் செலவு, ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பென்ஷன், கடனுக்கு வட்டி முதலியவை அதில் அடக்கம். 'ஹோம்' என்றால் வீடு, யாருடைய வீடு? ஆங்கிலம் படித்த இந்தியரும் வாய் கூசாமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகியிருந்தனர். தமிழில் எழுத உட்கார்ந்தவுடன் அச்சொல் பல்லைக் காட்டிவிடும். 'வீட்டுச் செலவு' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். 'உள்நாட்டுச் செலவு' என்றால் பொய்யாகிவிடும். சீமைக்குக் கட்டும் பணம் என்று உண்மையை உடைத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். வெல்பி கமிஷன் முன் புள்ளிவிவரங்களோடு வாதாடிய விஷயத்தை, மிராசுதாரரும் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் விளங்கிக்கொள்ளுமாறு ஐயர் மித்திரனில் எழுதவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு சில சமயம் மூலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். நமது தொழிலின் பெருமை என்று நாம் கருதுவது இதுவே. மேலதிகாரிகள் எப்போதும் இதனை விரும்புவதில்லை.

ஐயர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றி 1903-இல் அவர் வெளியிட்ட நூல் ஆங்கிலத்தில் உள்ளது. ஆட்சியாளரோடு வாதாட ஓர் மொழி, சொந்த மக்களோடு பேச ஓர் மொழி என்று இரண்டையும் கையாண்டார். அவரது தமிழ் நடை இலக்கியச் சுவை உடையது என்று சொல்லுவதற்கில்லை, சம்ஸ்கிருதச் சொற்கள் நெருக்கும், வாக்கியங்கள் நீளும். அதனை அவரே உணர்ந்தார் போலும். தம்மைவிட நன்றாகத் தமிழ் எழுதவல்ல ஒருவரைத் தேடிக் கொணர்ந்தார்.

1904-ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகமாகத் தமிழ்ப் பண்டிதர் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை, அந்த ஆண்டு நவம்பரில், மித்திரனின் உதவி ஆசிரியராகச் சென்னைக்கு அழைத்துவந்தார். அவ்விளைஞர் சுப்பிரமணிய பாரதி. மித்திரன் பிறந்த 1882-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அப்போது 22 வயது நிறையவில்லை. அவருக்கு அங்கே இட்ட வேலை கவிதை எழுதுவதன்று. ஆங்கிலத் தந்திகளையும் தலைவர்களின் பிரசங்கங்களையும் தமிழில் பெயர்ப்பதே அன்றாடக் கடமை. ரஷியாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த காலம், வேலைக்குக் குறைவில்லை. பாரதியாரின் உரைநடையில் நாம் காணும் நேர்மையும் வேகமும் எங்கிருந்து வந்தன என்று ஆராய்பவர்கள் அந்த மேசையை மறந்துவிடக்கூடாது. பிற்காலத்தில் மித்திரனில் எழுதிய ஒரு கட்டுரையில், 'மெம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்த்து, ஒன்றும் பிடிக்காமல் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதாக அவர் நொந்துகொள்கிறார். 'உறுப்பினர்' என்று இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம். அந்தச் சொல்லுக்காக மகாகவி ஒருவர் பட்ட பாட்டை எண்ணும்போது, பேனாவைச் சிறிது மெதுவாகவே ஓட்டத் தோன்றுகிறது.

பாரதியாரின் வேகத்துக்கு மித்திரன் போதவில்லை. 1906-இல் 'இந்தியா' வாரப் பத்திரிகைக்குச் சென்றார். ஆனால் ஐயரும் முன்னைப்போல் விண்ணப்ப அரசியல்வாதியாக இருக்கவில்லை. 1905-இல் வங்காளத்தைப் பிரித்தபின் அவர் எழுத்திலும் பேச்சிலும் சூடு ஏறிற்று. விசாரணைக் கமிஷன் கேட்டவர், அந்நியப் பொருளை விலக்குக என்றார். ஐம்பது வயதுக்கு மேல் மிதவாதத்திலிருந்து தீவிரத்துக்கு நகர்ந்தவர்கள் அரசியலில் மிகச் சிலரே.

1908-ஆம் ஆண்டு கொடிய ஆண்டு. ஜூலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு நாடுகடத்தல் தண்டனை. அதே ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுச் சிறை. 'இந்தியா'வின் பதிவு பெற்ற உரிமையாளர் சிறைக்குப் போனார்; பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். சுப்பிரமணிய ஐயர் அப்போது தீராத தோல் நோயால் உடல் முழுவதும் புண்ணாகி, குற்றாலத்தில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். ஆகஸ்டில் இராஜத்துரோகக் குற்றத்தின்பேரில் அங்கேயே அவரைக் கைது செய்தனர். நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுத்து அவர் விடுதலை பெற்றார். அதன்பின் மித்திரனின் குரல் தணிந்தது.

இந்த இடத்தில் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் விரைந்து நடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. சிறையில் செக்கிழுத்தவரை வைத்துப் பார்க்கும்போது, பிணை எழுதிக் கொடுத்தது தாழ்வுதான். ஐயரும் அதனை உயர்வு என்று கருதியிருக்கமாட்டார். ஆனால் 53 வயதில், கை விரல்களையும் மடக்கமுடியாத நோயோடு, தாம் சிறை புகுந்தால் மறுநாள் நின்றுவிடும் பத்திரிகையையும் அதனை நம்பிய அச்சுக்கோப்பவர் குடும்பங்களையும் எண்ணிய ஒரு மனிதர் எடுத்த முடிவு அது. குற்றம் சொல்லுவோர் சொல்லட்டும். நமக்கு அந்தத் துணிவு இல்லை.

நோய் முற்றிற்று. 1915-இல், தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது ஐயரைக் காணச் சென்றார். தம் மேலாடையால் அவர் புண்களிலிருந்து வடிந்த நீரைத் துடைத்தார் என்று உடனிருந்தவர்கள் வழியாக வழங்கும் செய்தி உண்டு. மகளின் மறுமணத்துக்குப் பின் உறவினர் தொடத் தயங்கிய உடம்பு அது. அதே ஆண்டில் ஐயர் மித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் காலமானார். வயது 61.

'ஹிந்து' 1905-இலேயே கஸ்தூரிரங்க ஐயங்காரின் கைக்கு மாறியிருந்தது; ஒன்றே முக்கால் ரூபாயில் தொடங்கிய அப்பத்திரிகை இன்றும் நடைபெறுகிறது. மித்திரனுக்கு 1920-இல் பாரதியார் திரும்பி வந்து, 1921-இல் மறையும் வரையில் அங்கேயே எழுதினார். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழர்க்கும் அது நெடுங்காலம் ஊர்ச் செய்தி கொணர்ந்தது. பின்னர்ப் புதிய நாளிதழ்கள் எளிய தமிழில், குறைந்த விலையில் பெருகின. மித்திரன் மெல்லத் தேய்ந்து 1985-இல் நின்றது. வயது 103.

எம் பாட்டனார் காக்ஸ் டவுனில் அதன் நெடுநாள் வாசகர். காலையில் வாயிற்படியில் நின்று, "மித்திரன் வந்துட்டானா?" என்று கேட்பார், பத்திரிகை வந்ததா என்று அவர் கேட்டதில்லை. மித்திரன் நின்றபின் வேறொரு தமிழ்ப் பத்திரிகை வீட்டுக்கு வரத் தொடங்கிற்று. அதற்குப் பின்னும், நாம் சிறுவனாக இருந்த அந்நாள்களில், அவர் வாயிற்படியில் நின்று அப்படியேதான் கேட்டுவந்தார். வீட்டில் யாரும் திருத்தவில்லை. "வந்துட்டான், தாத்தா" என்று சொல்லித் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.